நம்பி வீட்டுக்குள் விட்டவர்கள்



வீட்டுப் பராமரிப்பை நம்ம கூட்டமைப்பே ஒரு தொழிலாக எடுத்து நடத்தலாமா என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து, எந்த ஊர்க் கூட்டத்துக்குப் போனாலும் ஒரே கேள்விதான் வருது. "ஆள் கிடைக்கும், நம்பிக்கையான ஆள் கிடைக்குமா?" படுத்த படுக்கையாக இருக்கிற பெரியவரின் அறைக்குள்ளே, பீரோ சாவி ஆணியில் தொங்குகிற வீட்டுக்குள்ளே, பகலும் ராத்திரியும் ஒரு வெளிப் பெண்ணை விடணும். விடுகிறவங்களுக்கும் பயம், போகிறவங்களுக்கும் பயம். மலருக்கு ஒரு கட்டுரை கேட்டாங்க. இந்தக் கேள்விக்கு நம்ம மண்ணில் முன்னாடி இருந்தவங்க என்ன வழி பண்ணினாங்கன்னு தேடி எழுதலாம்னு உட்கார்ந்தேன். தேடத் தேட, கேள்வி ஆயிரம் வருஷத்துப் பழசுன்னு தெரிஞ்சுது.

ராஜராஜ சோழனின் அக்கா குந்தவையார், தஞ்சாவூரில் தன் அப்பா சுந்தர சோழன் பேரில் ஒரு ஆதுலசாலை வைத்து அதற்கு மானியம் கொடுத்ததைக் கல்வெட்டு சொல்லுது. ஆதுலசாலைன்னா நோயாளிகள் தங்கி மருந்து சாப்பிடுகிற இடம், இன்றைய ஆஸ்பத்திரி. அங்கே யார் யார் வேலை பார்த்தாங்க, என்ன கூலி என்கிற முழுப் பட்டியலைப் பார்க்கணும்னா, சோழ நாட்டைத் தாண்டி வடக்கே போகணும். காஞ்சிபுரத்துப் பக்கம் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடல். அங்கே பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, சுமார் 1069ஆம் ஆண்டுக்குரியது. வேதம் படிக்கிற மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் அங்கே 15 படுக்கை கொண்ட ஒரு ஆதுலசாலை இருந்திருக்கு. மருத்துவர் ஒருவர், அறுவை செய்கிறவர் ஒருவர், மூலிகை கொண்டு வருகிற ஆட்கள், நாவிதர், தண்ணீர் கொண்டு வருகிறவர். இவங்களோட "மருந்தடும் பெண்டுகள்" இருவர். மருந்து காய்ச்சி, நோயாளிக்குக் கொடுத்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கிற பெண்கள்.

கூலி நெல்லாகவும் காசாகவும் எழுதியிருக்கு. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல். இந்தப் பெண்கள் ரெண்டு பேருக்கும் சேர்த்து 30 கலம். நம்ம பக்கத்துப் பெரியவங்களுக்கு இந்தக் கணக்கு மனசிலேயே ஓடும். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். அப்படின்னா மருத்துவருக்கு ஒரு நாளைக்கு மூன்று மரக்கால். ரெண்டு பெண்களுக்கும் சேர்த்து ஒரு மரக்கால், தலைக்கு அரை மரக்கால். மருத்துவரின் பேர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன்னு கல்லில் வெட்டியிருக்கு. பெண்கள் ரெண்டு பேரின் பேரும் இல்லை.

கூலி குறைவுன்னு கோபம் வரத்தான் செய்யும். ஆனா ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அந்தப் பெண்களுக்கு நோயாளி கூலி தரலை, நோயாளியின் வீட்டாரும் தரலை. கோயில் கணக்கிலிருந்து அளந்திருக்காங்க. ஒரு பெண் வராமப் போனாலோ, தப்பு நடந்தாலோ கேட்கிறதுக்குப் பின்னால ஒரு அமைப்பு நின்னுது. நம்பிக்கைங்கிறதை அந்தக் காலத்துல ஒரு தனி ஆளோட குணமா மட்டும் பார்க்கலை. யாரோ ஒருத்தர் அதுக்குப் பொறுப்பு ஏத்துக்கிட்டிருந்தாங்க. இதை மனசுல வச்சுக்கிட்டு மேலே படிங்க, ஒவ்வொரு காலத்திலும் அந்தப் "பொறுப்பு" யார் கையில் இருந்ததுன்னு பார்க்கலாம்.

எழுநூறு வருஷம் தாண்டி மராட்டியர் காலத்துக்கு வருவோம். தஞ்சாவூரிலிருந்து ராமேஸ்வரம் போகிற பாதை நெடுக அரண்மனை கட்டிய சத்திரங்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரத்தைப் பார்த்திருப்பீங்க, நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். பெரும்பாலும் அரண்மனைப் பெண்கள் பேரில்தான். சத்திரம்னா சோறு போடுகிற இடம்னு மட்டும் நாம நினைச்சுட்டிருக்கோம். 1799ல் ராஜ்யம் கும்பெனியார் கைக்குப் போன பிறகு, இந்தச் சத்திரங்களை மட்டுமாவது தன் பொறுப்பிலேயே விட்டு வைக்கணும்னு இரண்டாம் சரபோஜி 1801ல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் சத்திரத்தில் என்னென்ன நடக்குதுன்னு விவரமாகச் சொல்கிறார். வழியில் நோயில் விழுந்தவருக்கு மருந்தும் அதற்கேத்த பத்திய உணவும் கொடுத்து, குணமாகும் வரை மரியாதையோடும் அன்போடும் பார்த்துக்கிறாங்க. கைக்குழந்தைக்குப் பால். கர்ப்பிணி வந்து சேர்ந்தா பேறுகாலச் செலவு சத்திரத்துடையது, பிள்ளை பெத்த பிறகும் மூன்று மாதம் அங்கேயே தங்கலாம்.

மூன்று மாதம்! இன்னிக்குக் கூலி வேலைக்குப் போகிற நம்ம பெண்களில் எத்தனை பேருக்கு மூன்று மாத ஓய்வு கிடைக்குது? அது நிற்க. அந்தப் பிள்ளைப்பேற்றைப் பார்த்தது, குழந்தையைக் குளிப்பாட்டினது, காயம் காய்ச்சிக் கொடுத்தது எல்லாம் பெண்கள்தானே. ராஜாவின் கடிதத்தில் சேவை இருக்கு, சேவை செய்தவள் பேர் கிடையாது. திருமுக்கூடல் மாதிரியேதான்.

சத்திரம் வழிப்போக்கருக்கு. சொந்த வீட்டில் கிடக்கிற நோயாளியை யார் பார்த்தாங்க? நம்ம காவிரிப் படுகையில் இதுக்கு ரெண்டு பதில் இருந்தது, ரெண்டுமே கசப்பு.

ஒண்ணு, வீட்டுக்குள்ளேயே இருந்த விதவை. சின்ன வயசில் தாலி இழந்து, அண்ணன் வீட்டிலோ தம்பி வீட்டிலோ வந்து தங்கின அத்தை. பிரசவமா அத்தை, ஜுரமா அத்தை, மாமனார் படுக்கையில் விழுந்தா அத்தை. கூலி கிடையாது, போக வேற இடமும் கிடையாது. குடும்பம் அவளை நம்பினது அவள் நல்லவள் என்பதால் மட்டுமில்லை. எங்கேயும் போக முடியாதவள் என்பதாலும்தான். இந்தக் கதவை உடைச்சவங்களில் ஒருத்தர் நம்ம தஞ்சை வட்டாரத்து ரிஷியூரைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் 1886ல் பிறந்த சகோதரி சுப்புலட்சுமி. தானும் சிறுவயதிலேயே விதவையானவர். 1911ல் பட்டம் வாங்கி, அடுத்த வருஷமே சென்னையில் இளம் விதவைகளுக்கு இல்லம் தொடங்கினார். அங்கே படிச்ச பெண்கள் ஆசிரியைகளாகவும் பிற வேலைகளிலும் சம்பளம் வாங்கினாங்க. வீட்டில் இலவசமா உழைச்சவளுக்கு வெளியில் சம்பளம் உண்டுங்கிற நினைப்பே அப்போ பெரிய கலகம்.

ரெண்டாவது பதில், கொல்லைப்புறத்து வழியா வந்த பெண். பண்ணையாள் வீட்டுப் பெண், மருத்துவச்சி. பிள்ளை பிறக்கும்போது அவள் கை வேணும். தீட்டுத் துணி அலச அவள் வேணும். பேறு முடிஞ்சு வாசல் பக்கம் வந்தா ஆகாது. மிராசுதார் வீட்டுக்கும் பண்ணையாளுக்கும் இருந்த கட்டு கடன்கட்டு, நிலக்கட்டு. அப்பன் வாங்கின கடனுக்கு மகள் உழைப்பாள். அவள் ஓடிப்போக முடியாது என்பதுதான் அங்கேயும் "நம்பிக்கை". 1952ல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விவசாயத் தொழிலாளர் போராட்டம் வாங்கிக் கொடுத்த சட்டம் அது. பண்ணையாளை நினைச்ச நேரத்தில் துரத்த முடியாது, கூலி இவ்வளவு என்ற வரம்பு வந்தது. அது வயல் வேலைக்கான சட்டம். வீட்டுக்குள்ளே, கொல்லையிலே நடந்த வேலையைச் சட்டம் எட்டிப் பார்க்க இன்னும் அரை நூற்றாண்டு ஆச்சு.

இதை ஏன் இவ்வளவு இழுத்து எழுதறேன்னா, அந்தப் பழைய நினைப்பு இன்னும் போகலை. பராமரிப்புக்கு ஆள் கேட்டு வருகிறவங்களில் பல பேர் முதல்ல கேட்கிறது, "என்ன ஆளுங்க?" என்பதுதான். அனுபவம் உண்டா, படுக்கைப் புண்ணுக்கு மருந்து போடத் தெரியுமா, ராத்திரி கண் முழிப்பாளா எல்லாம் அப்புறம். எந்தக் கை நம்ம தாத்தா பாட்டிகளைக் கர்ப்பத்திலிருந்து வாங்கிப் பூமிக்குக் கொண்டு வந்ததோ அந்தக் கைக்குத்தான் இந்தக் கேள்வி. என் கருத்து இதுதான்: கூட்டமைப்பு இந்தத் தொழிலை எடுத்தா, விண்ணப்பத்தில் சாதிக்கு ஒரு கட்டம் இருக்கவே கூடாது. வாய்மொழியாகக் கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது. பத்து வாடிக்கையாளர் போனாலும் போகட்டும்.

ஆஸ்பத்திரி வந்த கதையைச் சுருக்கமாச் சொல்லிடறேன். ராசா மிராசுதார் ஆஸ்பத்திரியும், 1959ல் ஆரம்பிச்ச தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியும் வந்த பிறகு வைத்தியம் வீட்டை விட்டு வெளியே போச்சு. ஆனா பராமரிப்பு போகலை. ஆஸ்பத்திரியிலேயும் நோயாளிக்குத் துணைக்கு இருக்கிறது வீட்டுப் பெண்தான். டிஸ்சார்ஜ் ஆகி வந்தா, குழாய் மாட்டின நோயாளியோட வீடு திரும்புறதும் அவள்தான்.

அந்த வீட்டுப் பெண்ணும் இப்போ வீட்டில் இல்லை. மகன் சிங்கப்பூரில், மகள் சென்னையில், மருமகள் வேலையில். கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் எத்தனை பெரிய வீடுகளில் ரெண்டு பெரியவங்க மட்டும் இருக்காங்கன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயசு தாண்டினவங்க. அந்த இடைவெளியில்தான் ஆள் அனுப்புகிற ஏஜென்சிகள் முளைச்சுது. நல்லபடியா நடத்துறவங்களும் இருக்காங்க. ஆனா நம்ம உறுப்பினர்கள் சில பேர் பட்டது வேற. முதல் மாதச் சம்பளத்தில் பாதி கமிஷன், கல்விச் சான்று அசல் ஏஜென்சி பெட்டியில், போகிற வீட்டு முகவரி பஸ் ஏறின பிறகுதான் தெரியும். ஆதார் நகல் வாங்கி வச்சுக்கிட்டா நம்பிக்கை வந்துடும்னு நினைக்கிறாங்க. பழைய பண்ணைக்கட்டுக்கும் இதுக்கும் ரொம்ப தூரம் இல்லை. பொண்ணு ஓட முடியாதபடி பண்றதைத்தான் இங்கேயும் பாதுகாப்புன்னு சொல்றாங்க.

வேற வழி உண்டான்னு பார்த்தா, பக்கத்துக் கேரளாவில் உண்டு. 1993ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் சேர்ந்து வலி தணிப்புச் சங்கம் ஒண்ணை ஆரம்பிச்சாங்க. கொஞ்ச வருஷத்தில் அது வீடு தேடிப் போகிற சேவையாகி, அந்தந்த ஊர்த் தன்னார்வலர்களே பயிற்சி எடுத்துக்கிட்டு நோயாளியைப் பார்க்க ஆரம்பிச்சாங்க. 1998ல் தொடங்கின குடும்பஸ்ரீ நம்ம சுய உதவிக் குழு மாதிரியான பெண்கள் அமைப்பு. அவங்க தங்கள் உறுப்பினர்களுக்கே முதியோர் பராமரிப்புப் பயிற்சி கொடுத்து வீடுகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்புறாங்க. அனுப்புறது தெரியாத ஏஜென்சி இல்லை, அவள் வாராவாரம் உட்காருகிற கூட்டம்.

நம்ம ஊரிலும் இதற்கு ஒரு பெரிய உதாரணம் கண் முன்னாலேயே நடந்துச்சு. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் தொடங்கி வைத்த மக்களைத் தேடி மருத்துவம். வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிற பெண் சுகாதாரத் தன்னார்வலர்களை எங்கிருந்து எடுத்தாங்க? சுய உதவிக் குழுக்களிலிருந்து, அந்தந்த ஊரிலேயே குடியிருக்கிறவங்களை. தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய் ஊக்கத்தொகை. படுக்கையில் கிடக்கிறவங்களுக்கு இயன்முறை சிகிச்சையாளரும், வலி தணிப்பு செவிலியரும் தனியா வருவாங்க. 2024ல் இந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைச்சுது. ஊக்கத்தொகை போதுமா என்பது வேற சண்டை, அதுல எனக்கும் குறை உண்டு. ஆனா ஒண்ணு நடந்துச்சு. திண்ணையோட நிறுத்தி வச்ச பெண்ணைக் கூடத்துக்குள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, கையை நீட்டினாங்க.

ஏன் குழுவிலிருந்து? இங்கே நம்ம சொந்த வரலாறு வருது. 1983ல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம். 1989ல் தர்மபுரியில் முதல் குழுக்கள். 1997-98ல் மகளிர் திட்டம். சொத்து ஜாமீன் இல்லாத பெண்களுக்கு வங்கி எதை நம்பிக் கடன் கொடுத்துச்சு? தீர்மான நோட்டை, வாரச் சேமிப்பை, ஒருத்தி கட்டாட்டி மத்தவங்க பதில் சொல்லுவாங்க என்பதை. கோயிலும் சத்திரமும் ஏத்துக்கிட்ட அந்தப் பொறுப்பை இந்தக் காலத்தில் ஏத்துக்கிட்டது நம்ம குழுதான். யாரையும் கட்டிப் போடாமல் ஏத்துக்கிட்டது, அதுதான் வித்தியாசம்.

இதுக்காக, பாஸ்புக் சுத்தமா இருக்கிற எல்லாரும் பராமரிப்புக்குப் போகலாம்னு நான் சொல்ல மாட்டேன். ஒழுங்காத் தவணை கட்டுகிறவளுக்கு, மூணு நாளாக் குளிக்க மாட்டேன்னு அடம் பிடிக்கிற பாட்டியிடம் பொறுமை இருக்கும்னு என்ன நிச்சயம்? தேர்வு பண்ணும்போது "நோயாளியைப் பார்த்துக்குவியா"ன்னு கேட்டா எல்லாரும் "பார்த்துக்குவேன்"னுதான் சொல்லுவாங்க. "பாட்டி கையைக் கட்டிலோட கட்டி வைன்னு மகன் சொன்னா என்ன செய்வே?" "தாத்தா ஏ.டி.எம். கார்டும் நம்பரும் கொடுத்துப் பணம் எடுத்து வரச் சொன்னா?" "ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சுத் திணறினா முதல்ல யாருக்குப் போன் போடுவே?" இப்படிக் கேட்கணும். யோசிச்சுத் தயங்கிச் சொல்றவளை நான் நம்புவேன். படபடன்னு எல்லாத்துக்கும் சரின்னு சொல்றவளை இன்னொரு தடவை கூப்பிட்டுக் கேட்பேன். அப்புறம் அனுபவமுள்ள ஒருத்தரோட சில நாள் கூடவே அனுப்பிப் பார்க்கணும். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கிற விதத்திலேயே கை தெரிஞ்சுடும். காவல்துறையின் இணையச் சேவையில் வீட்டுப் பணியாளர் சரிபார்ப்பு இருக்கு, அதையும் பண்ணிடலாம். ஆனா அது வழக்கு இருக்கா இல்லையான்னுதான் சொல்லும், கையைப் பத்திச் சொல்லாது.

நகை விஷயம் தனியா எழுதணும். வேலைக்குச் சேர்கிற முதல் நாளே, நோயாளி உடம்பில் இருக்கிற நகையை வீட்டாரும் நம்ம பிரதிநிதியும் அந்தப் பெண்ணும் சேர்ந்து பார்த்து, எழுதி, மூணு பேரும் கையெழுத்துப் போட்டுடணும். மூணு மாசம் கழிச்சு ஒரு கம்மல் காணாமப் போனா முதல் விரல் யாரை நோக்கி நீளும்னு நமக்குத் தெரியும். சந்தேகம் வந்த பிறகு எழுதற கணக்கு யாரையும் காப்பாத்தாது.

இதுவரைக்கும் வீட்டாரின் பயத்தைப் பத்தியே பேசினேன். போகிற பெண்ணின் பயத்துக்கு யார் பொறுப்பு? வரலாறு முழுக்க இதை யாரும் கேட்டதே இல்லை. அவளைச் சோதிக்கிற மாதிரி வீட்டையும் நாம போய்ப் பார்க்கணும். யார் யார் இருக்காங்க, அவள் படுக்கத் தாழ்ப்பாள் உள்ள இடம் உண்டா, கழிவறை எது, சாப்பாடு எந்தத் தட்டில். 2013ல் வந்த பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் வீட்டு வேலை செய்கிற பெண்ணையும் சேர்த்தே எழுதப்பட்டது, அவளுக்கு அந்த வீடுதான் பணியிடம். புகாரை மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் கொடுக்கலாம். வேலைக்கு அனுப்பும் முன்னே இதை அவளுக்கும் சொல்லணும், வீட்டாருக்கும் சொல்லணும். முகம் சுளிக்கிற வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம்.

கூலிக்கு வருவோம். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007ல் வந்தது. 2018ல் அரசு குறைந்தபட்சக் கூலி நிர்ணயம் பண்ணினப்போ, சாதாரண வீட்டு வேலைக்கு மணிக்கு 37 ரூபாய், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கிறவருக்கு 39 ரூபாய். ரெண்டு ரூபாய்தான் வித்தியாசம். பாத்திரம் துலக்கறதுக்கும், ஒரு மனுஷன் உடம்பைப் புண் வராமக் காப்பாத்தறதுக்கும் நடுவில் ரெண்டு ரூபாய். திருமுக்கூடல் அரை மரக்கால் ஞாபகம் வருது எனக்கு.

அது சட்டம் சொல்கிற அடிமட்டம். நம்ம விலையை நாமதான் போடணும். பகல் வேலைக்கு ஒரு விலை, ராத்திரி வேலைக்கு ஒரு விலை, தங்கிப் பார்த்தா வாரத்துக்கு ஒரு நாள் கட்டாய லீவு, லீவு அன்னிக்கு மாற்று ஆள். இதில் ராத்திரிக் கூலிதான் இன்னும் முடிவாகலை. "ராத்திரி அவள் தூங்கத்தானே போறா"ன்னு சொல்கிற வீட்டார் உண்டு. நோயாளி எத்தனை தடவை எழுப்பினார்னு ஒரு நோட்டில் எழுதி வச்சுக் காட்டலாம்னு சில பேர் சொல்றாங்க. எழுப்பினாலும் எழுப்பாட்டியும் ராத்திரி ராத்திரிதான், முழுக்கூலி வேணும்னு மத்தவங்க சொல்றாங்க. அடுத்த மாதப் பொதுக்குழுவில் இதுதான் முதல் பொருள். உங்க குழுவில் நோயாளியோட ராத்திரி கண் முழிச்ச அனுபவம் உள்ளவங்க யார் இருந்தாலும், அவங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க.